பந்துவீச்சுச் சராசரி 34 ஆக இருந்தும் சோபர்ஸை முதலிடத்தில் வைப்பது ஏன்?

தென்னாப்பிரிக்காவின் ஜாக் காலிஸ் டெஸ்ட் ஆட்டங்களில் 13,289 ரன்களும் 292 விக்கெட்டுகளும் எடுத்திருக்கிறார். பாகிஸ்தானின் இம்ரான் கான் 22.81 என்ற சராசரியில் 362 விக்கெட்டுகளைச் சாய்த்திருக்கிறார். அப்படியிருக்க, ஒரு விக்கெட்டுக்கு 34 ரன் விட்டுக்கொடுத்த மேற்கிந்தியத் தீவுகளின் கார்ஃபீல்ட் சோபர்ஸைத் தலைசிறந்த ஆல்ரவுண்டர் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது பழைய காலத்தின் மீதான மயக்கம்தானே என்பது கேள்வி. நியாயமான கேள்விதான். சோபர்ஸ் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பெரும்பாலோரிடம் மிஞ்சியிருப்பது எண்கள் மட்டுமே. ஆயினும் என் உறுதியான கருத்து, அந்த 34 என்ற எண்ணை அவருடைய குறையாகப் படிப்பது தவறு என்பதே. அணிக்கு எந்த நேரத்தில் எந்தப் பந்துவீச்சு தேவைப்பட்டதோ அதை இருபது ஆண்டுகள் ஒருவரே வீசிக்கொண்டிருந்ததன் விலை அது. இதை விளக்க அவர் எங்கிருந்து வந்தார், எதை எப்போது கற்றுக்கொண்டார் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பார்படோஸ் தீவின் தலைநகரான பிரிட்ஜ்டவுனில், பே லேண்ட் என்ற எளிய குடியிருப்பில் 1936 ஜூலை 28 அன்று சோபர்ஸ் பிறந்தார். இரண்டு கைகளிலும் ஆறு ஆறு விரல்களோடு பிறந்தவர். கூடுதல் விரல்கள் சிறு வயதிலேயே அகற்றப்பட்டன. தந்தை ஷாமன்ட் வணிகக் கப்பலில் வேலை செய்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலில் அவர் சென்ற கப்பல் மூழ்கி உயிரிழந்தார். ஆறு பிள்ளைகளையும் வளர்க்கும் பொறுப்பு தாய் தெல்மாவின் தலையில் விழுந்தது. கரும்புத் தோட்டங்களின் பொருளாதாரத்தில் வாழ்ந்த அந்தத் தீவில் அன்று கிரிக்கெட் கிளப்புகள் நிறத்தாலும் வர்க்கத்தாலும் பிரிந்து கிடந்தன. வெள்ளையர்களின் கிளப்பான வாண்டரர்ஸின் மைதானம் சோபர்ஸின் வீட்டுக்கு அருகில் இருந்தது. அதில் உறுப்பினராகும் வாய்ப்பு அவருக்கு இல்லை. ஆனால் அங்கே பயிற்சி செய்த டெனிஸ் அட்கின்சன் போன்ற ஆட்டக்காரர்களுக்குப் பந்து வீசும் வாய்ப்பு கிடைத்தது. ஸ்டம்பின் மேல் ஒரு ஷில்லிங் நாணயத்தை வைத்து, வீழ்த்தினால் எடுத்துக்கொள் என்பார் அட்கின்சன். குறி தவறாத இடது கைச் சுழற்பந்து அப்படித்தான் உருவாயிற்று.

அவரைப் பார்படோஸ் காவல்துறை அணிக்குள் கொண்டுவர, காவல்துறை இசைக்குழுவில் ஊதுகொம்பு வாசிப்பவராக அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். சுற்றுப்பயணமாக வந்திருந்த இந்திய அணிக்கு எதிராக 1953 தொடக்கத்தில் பார்படோஸுக்காக முதல்தர ஆட்டத்தில் அறிமுகமானபோது அவருக்கு வயது 16. அந்த ஆட்டத்தில் ஏழு விக்கெட்டுகள் எடுத்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில், ஆல்ஃப் வாலன்டைன் உடல்நலமின்றி விலகியதால், கிங்ஸ்டன் சபைனா பார்க்கில் இங்கிலாந்துக்கு எதிராக அவருடைய டெஸ்ட் வாழ்க்கை தொடங்கிற்று. அப்போது வயது 17. ஒன்பதாவதாக பேட்டிங் செய்தார். முதல் இன்னிங்ஸில் 75 ரன்களுக்கு நான்கு விக்கெட்டுகளை எடுத்தார். அதாவது, பிற்காலத்தில் உலகின் மிகச் சிறந்த இடது கை பேட்ஸ்மேன் எனக் கருதப்பட்டவர் டெஸ்ட் கிரிக்கெட்டுக்குள் நுழைந்ததே சுழற்பந்து வீச்சாளராகத்தான். பந்துவீச்சு அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட உபதொழில் என்று நினைப்பவர்கள் இந்தத் தொடக்கத்தை நினைவில் கொள்ள வேண்டும்.

பேட்டிங் வரிசையில் அவர் மெல்ல மெல்லத்தான் மேலே வந்தார். நான்கு ஆண்டுகள் டெஸ்ட் ஆடியும் ஒரு சதம்கூட அடிக்கவில்லை. பிறகு 1958இல், அதே சபைனா பார்க்கில், பாகிஸ்தானுக்கு எதிராக அடித்த முதல் சதத்தை ஆட்டமிழக்காமல் 365 வரை கொண்டுபோனார். 1938இல் ஓவலில் லென் ஹட்டன் எடுத்த 364 என்ற உலகச் சாதனை முறிந்தது. கான்ராட் ஹன்ட்டும் அவரும் இரண்டாவது விக்கெட்டுக்கு 446 ரன்கள் சேர்த்தார்கள். அணி 3 விக்கெட்டுக்கு 790 என்ற நிலையில் டிக்ளேர் செய்தது, அதாவது இன்னிங்ஸைத் தானே முடித்துக்கொண்டது. 21 வயதில் எடுத்த இந்தச் சாதனை, 1994 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் பிரையன் லாரா 375 அடிக்கும்வரை 36 ஆண்டுகள் நின்றது. உள்ளதை உள்ளபடி சொன்னால், சோபர்ஸின் மிகச் சிறந்த இன்னிங்ஸ்களின் வரிசையில் நான் இதை முன்னால் வைக்க மாட்டேன். பாகிஸ்தான் அணியில் மஹ்மூத் ஹுசைன் ஐந்து பந்துகள் மட்டுமே வீசிவிட்டுக் காயத்தால் வெளியேறினார். நசீம் உல் கனிக்குக் கட்டை விரல் முறிந்தது. கேப்டன் கர்தார் முறிந்த விரலோடு வீசினார். ஃபசல் மஹ்மூத் 85 ஓவர்களுக்கு மேல் வீச நேர்ந்த ஆட்டம் அது. ஆனால் அடுத்த டெஸ்டில், ஜார்ஜ்டவுனில், இரண்டு இன்னிங்ஸ்களிலும் சதமடித்தபோது, இது ஒருநாள் அதிர்ஷ்டம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதே ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து மும்பை, கான்பூர், கொல்கத்தா ஆகிய மூன்று இடங்களிலும் சதமடித்தார்.

1959 செப்டம்பரில் நடந்த விபத்தைச் சொல்லாமல் அவருடைய வாழ்க்கையைச் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் லீக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த மேற்கிந்தியத் தீவுகள் ஆட்டக்காரர்கள் மூவர், லண்டனில் நடக்கவிருந்த ஓர் ஆட்டத்துக்காக இரவில் காரில் புறப்பட்டார்கள். ஸ்டாஃபோர்ட்ஷயரில் கால்நடைகளை ஏற்றிவந்த லாரியோடு கார் மோதியது; ஓட்டிக்கொண்டிருந்தவர் சோபர்ஸ். அவருடைய நெருங்கிய நண்பரும் அணியின் இன்னொரு ஆல்ரவுண்டருமான காலி ஸ்மித் சில நாட்களில் இறந்துபோனார். ஸ்மித்துக்கு 26 வயதுதான். கவனக்குறைவாக ஓட்டியதற்காக சோபர்ஸுக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. அதன்பின் குடியில் ஆழ்ந்ததாகவும், இனி ஸ்மித்துக்கும் சேர்த்துத் தானே ஆட வேண்டும் என்ற எண்ணமே தன்னை மீட்டதாகவும் சோபர்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விபத்து நடந்து சில மாதங்களில் தொடங்கிய இங்கிலாந்துத் தொடரில் 709 ரன்கள் எடுத்தார். பிரிட்ஜ்டவுனில் ஃபிராங்க் வொரெலுடன் நான்காவது விக்கெட்டுக்கு 399 ரன்கள் சேர்த்ததும் அந்தத் தொடரில்தான். துயரத்தை ஆட்டத்தில் கரைத்தார் என்றெல்லாம் எழுதுவது எளிது. அதற்குப் பிறகு அவர் தன் மேல் ஏற்றிக்கொண்ட வேலைச் சுமையை மட்டும் நாம் அளந்து பார்க்கலாம்.

அந்தச் சுமையின் மையம் பந்துவீச்சு. 1958 முதல் மத்திய லங்காஷயர் லீகில் ராட்கிளிஃப் என்ற ஊரின் கிளப்புக்கு அவர் ஆடினார். அத்தகைய கிளப்புகளில் சம்பளத்துக்கு ஆடுபவர் அணியில் ஒருவர்தான் இருப்பார். அவர் ரன்னும் எடுக்க வேண்டும், விக்கெட்டும் எடுக்க வேண்டும், மழையில் நனைந்த ஆடுகளத்தில் புதிய பந்தையும் வீச வேண்டும். சுழற்பந்து வீச்சாளராக இருந்த சோபர்ஸ் மிதவேகத்துக்கும் மேலான இடது கை ஸ்விங் பந்துவீச்சைக் கைவசப்படுத்தியது அந்தச் சூழலில்தான். பிறகு 1961 முதல் மூன்று பருவங்கள் தெற்கு ஆஸ்திரேலியாவுக்காக ஷெஃபீல்ட் ஷீல்ட் போட்டியில் ஆடினார். 1962-63, 1963-64 ஆகிய இரண்டு ஆஸ்திரேலியப் பருவங்களிலும் 1000 ரன்களையும் 50 விக்கெட்டுகளையும் சேர்த்து எடுத்தார். அங்கே பந்து காற்றில் வளைவது குறைவு, ஆடுகளம் கடினம்; அங்கே விக்கெட் எடுக்கக் கற்றவர் எங்கும் எடுப்பார்.

இப்படி 1960களின் தொடக்கத்தில் அவரிடம் மூன்று விதமான பந்துவீச்சுகள் இருந்தன. புதிய பந்தில், வலது கை பேட்ஸ்மேனுக்கு உள்ளே வளைந்து வரும் ஸ்விங். விரலால் சுழற்றும் வழக்கமான இடது கை சுழல். மணிக்கட்டால் சுழற்றும் இடது கைப் பந்தான சைனாமேனும், அதே போலத் தோன்றி எதிர்த்திசையில் திரும்பும் கூக்ளியும். இம்மூன்றையும் பயிற்சியில் வேடிக்கையாக வீசிக்காட்டுபவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. டெஸ்ட் ஆட்டத்தில், ஒரே நாளில், அணி வகுத்த திட்டத்தின் பகுதியாக வீசியவர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. வெஸ் ஹாலும் சார்லி கிரிஃபித்தும் களைத்துப்போனால் அவர் மூன்றாவது வேகப்பந்து வீச்சாளர். லான்ஸ் கிப்ஸுக்கு மறுமுனையில் துணை தேவைப்பட்டால் இரண்டாவது சுழற்பந்து வீச்சாளர். ஆடுகளம் உயிரற்றுப்போய் யாராலும் எதுவும் ஆகாதபோது மணிக்கட்டுச் சுழலோடு வந்து பரிசோதனை செய்பவர். மற்றவர்களுக்குச் சாதகமான சூழலில் மற்றவர்கள் வீசினார்கள்; எஞ்சிய நேரம் அவருடையது.

எண்களைக் கொண்டே இதைக் காட்டலாம். சோபர்ஸ் 93 டெஸ்ட்களில் 21,599 பந்துகள் வீசினார். காலிஸ் 166 டெஸ்ட்களில் வீசியவை 20,232. ஒரு டெஸ்டுக்கு சோபர்ஸ் ஏறத்தாழ 232 பந்துகள், காலிஸ் ஏறத்தாழ 122 பந்துகள். காலிஸ் மிக நல்ல பந்துவீச்சாளர்; ஆனால் களைப்பின்றி வீசக்கூடிய முதன்மை வேகப்பந்து வீச்சாளர்கள் இருந்த அணியில், அளவாக வீசும் வசதி அவருக்குக் கிடைத்தது. சோபர்ஸுக்கு அது கிடைக்கவில்லை. ஆறு பந்துகளுக்குச் சராசரியாக 2.22 ரன்கள் மட்டுமே கொடுத்தார். அவருடைய விக்கெட்டுகள் மெதுவாக வந்ததால்தான் சராசரி உயர்ந்தது. டெஸ்டுக்கு எத்தனை விக்கெட் என்று பார்த்தால் சோபர்ஸுக்கு 2.5, காலிஸுக்கு 1.8க்கும் சற்றுக் குறைவு. பேட்டிங் சராசரியிலிருந்து பந்துவீச்சுச் சராசரியைக் கழித்துப் பார்ப்பது பலரும் கையாளும் முறை. அதிலும் சோபர்ஸுக்கு 57.78இல் 34.03 போக 23.75 வருகிறது, காலிஸுக்கு 55.37இல் 32.65 போக 22.72. ஆக, அவருடைய பலவீனம் என்று சுட்டப்படும் அதே கணக்கிலும் அவர் முன்னால்தான் நிற்கிறார்.

பீல்டிங்கையும் இங்கே சேர்க்க வேண்டும். ஹெல்மெட் இல்லாத காலத்தில் பேட்ஸ்மேனின் காலடியில், ஷார்ட் லெக்கில் நின்று பிடித்தவர் அவர். டெஸ்ட்களில் அவர் பிடித்த 109 கேட்ச்களில் 39 லான்ஸ் கிப்ஸின் பந்துவீச்சில் வந்தவை. கிப்ஸ் 309 விக்கெட் எடுத்து உலகச் சாதனை படைத்ததில் இந்தக் கைகளுக்கும் பங்கு உண்டு. எந்தப் பந்துவீச்சுச் சராசரியிலும் இது ஏறாது.

வொரெல் ஓய்வு பெற்றபின் 1965இல் சோபர்ஸ் கேப்டனானார். ஆஸ்திரேலியாவை முதன்முறையாக ஒரு டெஸ்ட் தொடரில் மேற்கிந்தியத் தீவுகள் வென்றது அவர் தலைமையில்தான். அந்தக் காலத்தின் அரசியலையும் நினைவுகூர வேண்டும். தீவுகளையெல்லாம் ஒரே நாடாக்கும் முயற்சியாக 1958இல் அமைந்த கூட்டமைப்பு 1962இல் கலைந்தது. ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனி நாடாகின. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்த மிகச் சில அமைப்புகளில் ஒன்று கிரிக்கெட் அணி. அதன் தலைவராக இருப்பது டாஸ் போடுவதோடு முடியும் வேலை இல்லை.

1966 இங்கிலாந்துப் பயணம் அவருடைய உச்சம். ஐந்து டெஸ்ட்களில் 722 ரன்கள், சராசரி 103.14, 20 விக்கெட்டுகள், பத்து கேட்ச்கள், ஐந்து முறையும் டாஸ் வென்றார், தொடரை 3-1 என்று வென்றார். லீட்ஸில் 174 ரன்கள் எடுத்து, எட்டு விக்கெட்டுகளையும் சாய்த்தார். ஆனால் நான் முதலில் வைப்பது லார்ட்ஸ் ஆட்டத்தை. இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுகள் 95 ரன்களுக்கு விழுந்துவிட்டன. முன்னிலை வெறும் 9 ரன்கள். மறுமுனைக்கு வந்தவர் அவருடைய உறவினரான டேவிட் ஹோல்ஃபோர்ட், இரண்டாவது டெஸ்ட் ஆடும் இளைஞர். இத்தகைய நேரத்தில் அனுபவம் மிக்கவர் புதியவரைக் காப்பாற்ற முயன்று, ஓவரின் முதல் பந்துகளில் ரன் எடுக்க மறுப்பது வழக்கம். சோபர்ஸ் அவ்வாறு செய்யவில்லை. நீயும் ஒரு பேட்ஸ்மேன்தான் என்று நடத்தினார். முதல் பந்திலேயே ரன் ஓடினார். இருவரும் பிரியாமல் 274 ரன்கள் சேர்த்தார்கள். சோபர்ஸ் 163, ஹோல்ஃபோர்ட் 105. ஆட்டம் டிராவில் முடிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் பார்படோஸ் சுதந்திர நாடாயிற்று.

சில வாரங்களில் அவர் இந்தியாவில் இருந்தார். தமிழ்நாட்டில் இன்றும் சோபர்ஸ் என்றதும் மூத்தவர்கள் குறிப்பிடுவது 1967 ஜனவரியில், பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டைத்தான். முதல் நாள் உணவு இடைவேளைக்குள்ளேயே ஃபரூக் இன்ஜினியர் 94 ரன்கள் அடித்தார்; போர்டேயும் சதமடித்தார்; இந்தியா 404 எடுத்தது. சோபர்ஸ் 95 ரன்களில் ஆட்டமிழக்க, மேற்கிந்தியத் தீவுகள் 406. இரண்டாவது இன்னிங்ஸில் 322 ரன் இலக்கைத் துரத்தியபோது, பிஷன் பேடியும் பிரசன்னாவும் வீசிய சுழலில் 193 ரன்களுக்கு ஏழு விக்கெட்டுகள் போய்விட்டன. வெற்றி இந்தியாவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அப்போது வந்த வேகப்பந்து வீச்சாளர் கிரிஃபித், காலை முன்னே நீட்டி, மட்டையைவிடக் கால்காப்பையே நம்பிப் பந்துகளைத் தடுத்துக்கொண்டிருக்க, மறுமுனையில் சோபர்ஸ் அவசரமின்றி நின்றார். ஆட்டம் முடிந்தபோது அணி 7 விக்கெட்டுக்கு 270. சோபர்ஸ் 74, கிரிஃபித் 40, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. மூன்று டெஸ்ட் கொண்ட அந்தத் தொடரில் அவர் எடுத்தவை 50, ஆட்டமிழக்காமல் 53, 70, 95, ஆட்டமிழக்காமல் 74. ஒரு சதமும் இல்லை, சராசரி 114. அணிக்கு வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடும் அவருடைய இயல்பு இந்த ஐந்து எண்களில் இருக்கிறது.

கேப்டனாக அவர் செய்ததில் இன்றும் விவாதிக்கப்படுவது 1968 போர்ட் ஆஃப் ஸ்பெயின் டிக்ளரேஷன். ஆட்டம் டிராவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது, 2 விக்கெட்டுக்கு 92 என்ற நிலையில் டிக்ளேர் செய்து, 165 நிமிடங்களில் 215 ரன் என்ற இலக்கை இங்கிலாந்துக்குக் கொடுத்தார். கிரிஃபித் காயத்தால் வீச முடியாத நிலையில் இருந்தார். பாய்காட்டும் கௌட்ரியும் நிதானமாகக் கணக்குப் போட்டு ஆட, மூன்று பந்துகள் மீதமிருக்கையில் இங்கிலாந்து வென்றது. அந்தத் தொடரின் ஒரே முடிவு அதுதான். தீவுகள் முழுவதும் அவர்மேல் கோபம் கிளம்பிற்று. அந்த முடிவு தவறென்றே நானும் கருதுகிறேன். முக்கியப் பந்துவீச்சாளர் ஒருவர் இல்லாமல் அவ்வளவு தாராளமான இலக்கைக் கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் அடுத்து ஜார்ஜ்டவுனில் அவர் ஆடிய விதத்தைப் பாருங்கள்: 152 ரன்கள், ஆட்டமிழக்காமல் 95 ரன்கள், இரண்டு இன்னிங்ஸிலும் மும்மூன்று விக்கெட்டுகள். இங்கிலாந்தின் கடைசி ஜோடி கடைசி ஓவரைத் தாக்குப்பிடித்ததால் மட்டுமே அந்த ஆட்டம் டிராவாயிற்று. தன் பிழையைத் தானே சரிசெய்ய ஒரு மனிதரால் செய்யக்கூடியதையெல்லாம் அவர் செய்தார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று ஸ்வான்சியில், நாட்டிங்காம்ஷயர் கேப்டனாக, கிளமோர்கனின் மால்கம் நாஷ் வீசிய ஓர் ஓவரின் ஆறு பந்துகளையும் சிக்ஸருக்கு அனுப்பினார். முதல்தரக் கிரிக்கெட்டில் அதுவே முதல் முறை. 1985இல் ரவி சாஸ்திரி மும்பையில் அதைச் சமன் செய்தார். ஸ்வான்சியில் ஐந்தாவது பந்தை ரோஜர் டேவிஸ் பிடித்தே விட்டார். பிடித்தவாறே எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்ததால் அது சிக்ஸராயிற்று. உலகம் அவரை இந்த ஓவரை வைத்தே அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. அவருடைய ஆட்டத்தைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. அன்று அவர் விரைவாக ரன் சேர்த்து டிக்ளேர் செய்ய விரும்பினார், அவ்வளவே.

1970ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையில் பெருமையும் வேதனையும் ஒன்றாக வந்த ஆண்டு. நிறவெறிக் கொள்கைக்கு எதிரான போராட்டங்களால் தென்னாப்பிரிக்க அணியின் இங்கிலாந்துப் பயணம் ரத்தாகி, அதற்குப் பதிலாக உலக அணி ஒன்று ஐந்து ஆட்டங்கள் ஆடியது. பாரி ரிச்சர்ட்ஸ், கிரேம் போலக், மைக் புராக்டர், எடி பார்லோ போன்ற தென்னாப்பிரிக்க வெள்ளையர்கள் ஒரு கறுப்பினக் கேப்டனின் கீழ் ஆடினார்கள். லார்ட்ஸில் முதல் நாளில் சோபர்ஸ் 21 ரன்கள் கொடுத்து ஆறு விக்கெட்டுகளைச் சாய்த்தார். பிறகு 183 ரன்கள் அடித்தார். தொடரில் 588 ரன்கள், 21 விக்கெட்டுகள். இந்த ஆட்டங்களுக்குப் பின்னால் டெஸ்ட் தகுதி மறுக்கப்பட்டதால், மேலே கொடுத்த எண்களில் இவை ஒன்றும் சேரவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்தத் தொடர் முடிந்த சில வாரங்களில், சிறுபான்மை வெள்ளையர் ஆட்சி நடந்த ரொடீசியாவுக்கு (இன்றைய ஜிம்பாப்வே), இருவர் இருவராக ஆடும் ஒரு போட்டிக்காக அவர் சென்றார். அங்கே பிரதமர் இயன் ஸ்மித்தைச் சந்தித்தார். கரீபியன் கொதித்தது. அவர் மன்னிப்புக் கேட்காவிட்டால் கயானாவுக்குள் வர முடியாது என்று அந்நாட்டுப் பிரதமர் ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாம் அறிவித்தார். மேற்கிந்தியத் தீவுகள் அணி சிதறும் நிலை வந்தது. இறுதியில் சோபர்ஸ் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். கிரிக்கெட்டை அரசியலுக்கு வெளியே வைக்கலாம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். தந்தையைப் போரில் இழந்து, வெள்ளையர் கிளப்பின் வேலிக்கு வெளியே வளர்ந்த ஒருவர் இதைப் புரிந்துகொள்ளாமல் போனது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. அவர்மேல் அன்று எழுந்த கோபம் நியாயமானது. கறுப்பின மக்களின் பெருமைக்கு அடையாளமாக அவரை அவர்கள் ஏற்றிருந்ததால்தான் அது அவ்வளவு ஆழமாக இருந்தது.

அடுத்து வந்த 1971 தொடர் இந்தியர்கள் மறக்காத ஒன்று. அஜித் வடேகரின் அணி மேற்கிந்தியத் தீவுகளை முதன்முறையாக வென்றது. கிங்ஸ்டனில் முதல் நாள் மழையில் போனதால் 150 ரன் முன்னிலையே ஃபாலோ-ஆனுக்குப் போதும் என்ற விதியைக் காட்டி, வடேகர் சோபர்ஸை மீண்டும் பேட்டிங் செய்யச் சொன்னபோது சோபர்ஸே திகைத்தார். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் சலீம் துரானி அவரை ரன் எடுக்கவிடாமல் பௌல்டாக்கினார். அதே இன்னிங்ஸில் சென்னையின் வெங்கட்ராகவன் 95 ரன்களுக்கு ஐந்து விக்கெட்டுகள் எடுத்தார். அறிமுகத் தொடரில் 774 ரன்கள் குவித்த கவாஸ்கரின் பெயர் அதன் அடையாளமாகிவிட்டது. ஆனால் தோற்ற அணியின் கேப்டன் மூன்று சதங்களோடு 597 ரன்கள் எடுத்தார் என்பதைக் குறிப்பிடுபவர்கள் அரிது.

அதற்குள் முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. 1955 முதல் 1972 வரை இடைவிடாமல் 85 டெஸ்ட்கள் ஆடியவர், அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆஸ்திரேலியத் தொடரில் ஆடவில்லை. கேப்டன் பொறுப்பு ரோஹன் கன்ஹாயிடம் போயிற்று. 1973இல் கன்ஹாயின் கீழ் லார்ட்ஸில் ஆட்டமிழக்காமல் 150 எடுத்தது அவருடைய 26ஆவது, கடைசி டெஸ்ட் சதம். ஆடிய ஒரே ஒருநாள் சர்வதேச ஆட்டத்தில் ரன் எதுவும் எடுக்கவில்லை. ஒரு விக்கெட் மட்டும் கிடைத்தது. 1974இல் ஓய்வு பெற்றபோது 8,032 ரன்கள், 235 விக்கெட்டுகள். அந்த ரன் எண்ணிக்கையை 1981இல் டெல்லியில் பாய்காட் கடக்கும்வரை அதுவே உலகச் சாதனை. 1975இல் பிரிட்ஜ்டவுனிலேயே எலிசபெத் அரசி அவருக்கு சர் பட்டம் அளித்தார். 1980களின் தொடக்கத்தில், டெஸ்ட் தகுதி பெற்ற புதிதில் இருந்த இலங்கை அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். 1998இல் பார்படோஸ் அவரைத் தன் தேசிய வீரர்களில் ஒருவராக அறிவித்தது. நூற்றாண்டின் ஐந்து கிரிக்கெட் வீரர்களைத் தேர்ந்தெடுக்க 2000இல் விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டுநூல் 100 பேரிடம் கேட்டபோது, பிராட்மனுக்கு நூறு பேரும், சோபர்ஸுக்கு 90 பேரும் வாக்களித்தார்கள். மூன்றாவதாக வந்த ஹாப்ஸுக்குக் கிடைத்தவை 30.

இனி கேள்வியின் இரண்டாவது பாதி. இம்ரான் பந்துவீச்சாளராக சோபர்ஸைவிட வெகு உயரத்தில் இருப்பவர். இதில் விவாதமே இல்லை. பந்துவீச்சை முதன்மையாகக் கொண்ட ஆல்ரவுண்டர்களின் வரிசையில் அவரை முதலில் வைக்கவும், 434 விக்கெட்டுகளையும் 5,248 ரன்களையும் ஆசிய ஆடுகளங்களில் பெரும்பாலும் தனியாகச் சுமந்த கபில் தேவை அவருக்கு அருகில் வைக்கவும் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஒரே ஓர் ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டு, எதிரணி யார், ஆடுகளம் எப்படி என்று தெரியாமலேயே மீதிப் பத்துப் பேரைத் தேடச் சொன்னால், நான் சோபர்ஸைத்தான் எடுப்பேன். அவர் இருந்தால் மூன்றாவது வேகப்பந்து வீச்சாளரையோ இரண்டாவது சுழற்பந்து வீச்சாளரையோ தேட வேண்டியதில்லை. அந்த இடத்தில் இன்னொரு பேட்ஸ்மேனைச் சேர்க்கலாம். காலிஸ் உட்பட வேறு எவரும் இந்தச் சலுகையைத் தங்கள் அணித்தேர்வாளர்களுக்கு இந்த அளவில் கொடுத்ததில்லை.

அவர் ஆடியதைப் பார்க்க விரும்புபவர்கள், 1972 ஜனவரியில் மெல்போர்னில் உலக அணிக்காக அவர் எடுத்த 254 ரன்களின் படப்பதிவைத் தேடிப் பாருங்கள். டென்னிஸ் லில்லி அதற்கு முந்தைய ஆட்டத்தில், பெர்த்தில், 29 ரன்களுக்கு எட்டு விக்கெட்டுகள் எடுத்து உலக அணியை 59 ரன்களுக்குச் சுருட்டியிருந்தார். மெல்போர்ன் முதல் இன்னிங்ஸில் சோபர்ஸை முதல் பந்திலேயே வெளியேற்றியிருந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் அதே லில்லியின் எழும்பி வந்த பந்துகளை, மட்டையை முதுகுக்குப் பின்னால் வரை உயர்த்தி, கால்களைப் பின்னுக்கு நகர்த்தி, பாயின்ட் திசையில் தரையோடு அறைந்ததைக் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவில் தான் பார்த்தவற்றிலேயே மிகச் சிறந்த இன்னிங்ஸ் அதுவே என்று பிராட்மன் கருதினார். அந்தப் படத்துக்கு விளக்கவுரை சொல்லியிருப்பவரும் அவரே. பந்து வரும் உயரத்தை எவ்வளவு சீக்கிரம் சோபர்ஸ் கணித்துவிடுகிறார் என்பதை அவர் எடுத்துச் சொல்வதோடு சேர்த்துப் பார்த்தால், பேட்டிங் பற்றி நான் இங்கே எழுதாமல் விட்டதையெல்லாம் நேரிலேயே தெரிந்துகொள்ளலாம்.